தாராவிச் சேறு தரிசாக இருந்ததில்லை

தாராவியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: யாருக்கும் பயன்படாத சதுப்பு, அதைத் தூர்த்துக் குடியேறிய உழைப்பாளிகள். பின்பாதி உண்மை. முன்பாதி தவறு என்பதற்கு ஒரு மீனே சான்று. அலையாத்திக் காடுகளின் சேற்றில் துள்ளித் திரியும் அந்த மீனை மும்பையின் கோலி மீனவர்கள் நிவ்டி என்பார்கள். பிடித்துக் குழம்பு வைப்பார்கள். இவ்வகையில் ஓர் இனத்துக்கு, பம்பாயில் கிடைத்த மாதிரியைக் கொண்டு, பிரெஞ்சு அறிஞர் வலன்சியென் 1837இல் போலியோப்தால்மஸ் டுசுமியெரி என்று பெயரிட்டார். ஓதம் வற்றியதும் சேற்றின்மேல் படர்ந்த நுண்பாசியைச் சுரண்டித் தின்னும்; தோல் ஈரமாக உள்ளவரை காற்றிலும் மூச்சுவிடும்; சேற்றுக்குள் வளை தோண்டி வாழும். உப்புநீர் ஏறி இறங்காத மண்ணில் அதற்குப் பிழைப்பில்லை. மாஹிம் கழியோரத் தாராவியை 1909ஆம் ஆண்டு கெஜட்டியர் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள், அதாவது கோலி மீனவர் ஊர்களுள், ஒன்றாகக் குறித்தது. பயனற்ற நிலத்தை நம்பி அவ்வளவு பெரிய மீனவர் ஊர் நிலைத்திருக்க முடியாது.

அந்தச் சேற்றைத் தூர்த்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த நம் மக்கள்தானே என்று கேட்கலாம். அவர்கள் கையும் அதில் உண்டு. ஆனால் 1845இல் திறந்த மாஹிம் பாலச்சாலை போன்றவை அதற்கு முன்பே ஓதத்தின் வழியைக் குறுக்கிவிட்டன. நாற்றமடிக்கும் தொழில்களை நகரம் தன் விளிம்புக்குத் தள்ளியது. 1887இல் தோல் பதனிடும் தொழில் தாராவிக்கு வந்தது. கூலிக்கு வந்தவர்கள் வேறிடம் கிடைக்காமல் சேற்றில் மண் கொட்டிக் குடிசை போட்டார்கள். கழியின் மறுகரையிலோ 1977இல் அரசே சுமார் 370 ஹெக்டேரைத் திட்டப்பகுதியாக அறிவித்து, சதுப்பின் மீது பாந்த்ரா-குர்லா வளாகத்தை எழுப்பியது. ஏழையின் கூடைமண்ணையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

அழுக்கு நீரிலும் நிவ்டி பிழைக்கிறதே, பிறகென்ன இழப்பு என்பது இன்னொரு வாதம். மீன் பிழைப்பது வேறு, மீன்பிடி பிழைப்பது வேறு. கழியில் வந்து சேரும் மித்தி ஆற்றின் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஊறிய சேற்றில் பிடித்ததை யார் நம்பி வாங்குவார்? 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நீர் பரவி வடிய வேண்டிய இடங்களில் கட்டடங்கள் நின்றன. அவ்வாண்டு அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்தி அழிப்பைத் தடுத்தது. 2018இல் அதை இறுதித் தீர்ப்பாகவும் உறுதிசெய்தது. தாராவி மறுசீரமைப்பின் வரைபடத்தில் வீடும் பட்டறையும் இடம்பெறுவதுபோல், எஞ்சியுள்ள கழிச்சேறும் கோலிகளின் மீன்பிடி நிலம் என்றே குறிக்கப்பட வேண்டும்.