ஊராத்துறைக்கு வந்த யானைகள்

ஊர்காவற்றுறை எண்டால் எங்களில் கனபேருக்குக் காரைநகருக்குப் போற 'பாதை'தான் ஞாபகம் வரும். மோட்டார்சைக்கிளோடு ஏறுவோம், நடுக்கடலில் தெரியும் கோட்டையை ஒரு போட்டோ எடுப்போம், அக்கரையில் இறங்கிப் போய்விடுவோம்.

இந்தச் சின்னத் துறைக்கு ஒருகாலம் சட்டமே எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்க நயினாதீவுக்குப் போகவேணும். நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கும் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வியாபாரிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு சொந்தக்காரருக்கே. மற்றச் சரக்குக் கப்பலென்றால் சரிபாதி. நட்டத்துக்குப் பயந்து வியாபாரி வேறு துறைக்குப் போய்விடக்கூடாது என்ற கணக்கு இது.

இலங்கைக்கே யானையா என்று நாங்களும் யோசித்தோம். இதே அரசன் பர்மாவோடு சண்டைக்குப் போனதற்கு யானை வியாபாரத் தகராறையும் ஒரு காரணமாகச் சூளவம்சம் சொல்கிறது. பிறகு கதை தலைகீழானது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னி யானைகளை இந்தத் துறையால்தான் வெளியே ஏற்றினார்கள். 'கயிற்ஸ்' என்ற பெயரே போர்த்துக்கேய மொழியின் 'யானைத் துறை'யிலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் கடற்கோட்டையும் போர்த்துக்கேயர் கட்டியதுதான். 1658இல் குடிதண்ணீர் இல்லாமல்போய் ஒல்லாந்தரிடம் விழுந்தது. தீவுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போது அது கடற்படை நடத்தும் ஹோட்டல்.

எங்களுக்கு உறுத்துவது கல்வெட்டின் மொழி. ஆணையிட்டவர் சிங்கள அரசர், எழுத்து தமிழ். 'பார், எங்கட அரசனின் ஆட்சி இங்கேயும் இருந்தது' என்று ஒரு பக்கம் இதைத் தூக்கும். 'பார், அவனே தமிழில்தான் எழுதவேண்டியிருந்தது' என்று நாங்கள் தூக்குவோம். இரண்டும் அந்தக் கல்லில் உள்ளதுதான். ஆனால் கல் பேசுவது இரண்டு பேரையும் பற்றியல்ல. கப்பல் உடைந்து கரையேறிய ஒரு அந்நியனுக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதைப் பற்றி.

யுத்தத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து எழும்பிப் போனவர்களில் கனபேர் திரும்பவேயில்லை. கூரையில்லாத பெரிய வீடுகளுக்குள் ஆலமரம் வளர்ந்து நிற்கிறது. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு வரிசை நீளம். அம்மனிடம் போகிறவர்களும் நாகவிகாரைக்குப் போகிறவர்களும் ஒரே படகில்தான் ஏறுகிறார்கள். கல்வெட்டைத் தேடி ஏறுகிறவர்கள் குறைவு. நாங்களும் முதல்தடவை அதைப் பார்க்காமல்தான் திரும்பி வந்தனாங்கள்.