புதுக்குப்புறம்: பொன்முகலிக் கரையில் வீடும் பழுதும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்" என்பது தமிழர் பழமொழி. பொன்முகலி ஆற்றங்கரையில் வாழும் தெலுங்கு மக்களும், "இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு" என்று இதனையே தம் மொழியில் வழங்குவர். இரு மொழியாரும் பெற்ற பட்டறிவு ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும் பழமொழி பாதி உண்மையையே உரைக்கின்றது. கல்யாணப் பந்தலை மூன்றாம் நாள் பிரித்துவிடலாம். வீட்டு வேலைக்குக் கட்டிய சாரத்தை அவ்வாறு பிரித்துவிட முடிவதில்லை. புதுமனை புகுந்த சில ஆண்டுகளில் தளத்தில் ஒழுக்குத் தோன்றும். அதனை அடைத்தால் சுவரில் ஈரம் ஏறும். சுவரைப் பூசினால் வண்ணம் தீட்ட வேண்டும். வண்ணம் தீட்டியபின் பழைய கதவு கண்ணை உறுத்தும். கதவை மாற்றினால் தரை பழமையாகத் தோன்றும். 'வீடு' என்னும் சொல்லுக்கு விடுதலை என்றும் ஒரு பொருள் உண்டு. வீடு உடையார்க்கு மட்டும் அந்த வீடு கிட்டுவதில்லை போலும்!

இது நம் காலத்தில் தோன்றிய தொல்லையா, அன்றி வீடு என்று ஒன்று தோன்றிய நாள் முதல் உள்ளதா? நாயுடுபேட்டையில் நின்று, அவ்வூரை ஒட்டி ஓடும் பொன்முகலியாற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்று பார்த்தால் இதற்கு நல்ல விடை கிடைக்கும். அவ்விடையில், ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கெனத் தனியே ஒரு பாடமும் உண்டு.

சுவர்ணமுகி என்று இன்று வழங்கும் பொன்முகலி, சந்திரகிரி மலைப்பகுதியில் தோன்றித் திருச்சானூரையும், குடிமல்லத்தையும், திருக்காளத்தியையும் தழுவி, நாயுடுபேட்டையைக் கடந்து வங்கக் கடலில் கலக்கின்றது. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் நாயுடுபேட்டை வழியே செல்கின்றன. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி இது. பண்டைத் தொண்டை நாட்டின் வடபுலம்.

அத்தொண்டை நாட்டு வீடுகளைப் பற்றிய பழைய செய்திகளைப் பெரும்பாணாற்றுப்படை தருகின்றது. எயினர் குடில் ஈச்சிலையால் வேயப்பட்டது. ஆயர் வீடு வரகு வைக்கோலால் வேயப்பட்டது. உழவர் குடிலின் மேல் கிடந்தது புது வைக்கோல். புலவர் 'புது' என்ற அடைமொழியை வீணே சேர்க்கவில்லை. அறுவடைதோறும் பழைய வைக்கோல் இறங்கும், புதியது ஏறும். ஆண்டுதோறும் அவ்வீடு தன் கூரையைப் புதுப்பித்துக்கொண்டது. பனையோலைக் கூரை சற்றுக் கூடுதலாக உழைக்கும். ஆயினும் சில ஆண்டுகளில் அதுவும் மாறியாக வேண்டும்.

இங்கு நாம் ஊன்றிக் கருத வேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்தார் இதனைத் 'தொல்லை' என்று எண்ணியதாகத் தெரியவில்லை. கூரை வேய்தலுக்குப் பருவம் இருந்தது. பொருள் வயலிலேயே கிடைத்தது. கை கொடுக்கச் சுற்றத்தார் இருந்தனர். மண் தரையைச் சாணத்தால் மெழுகுவது அன்றாடக் கடன். போகி வந்தால் பழையன கழியும், சுவருக்கு வெள்ளை ஏறும். பழுது பார்த்தல் எனத் தனியே ஒரு செலவு இல்லை. அது நாட்காட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தது. வீடு நிலையற்றது என்பதை அவர்கள் முன்னரே ஒப்புக்கொண்டதனால், அது பழுதுபட்டபோது அவர்கள் ஏமாற்றம் அடையவில்லை.

இனி, நிலையாக இருக்க வேண்டும் என்று எண்ணிக் கட்டிய இல்லங்களைக் காண்போம். அவை இறைவனின் இல்லங்கள். ரேணிகுண்டாவுக்கு அருகில் உள்ள குடிமல்லத்தின் பரசுராமேசுவரர் கோயில் இதற்குச் சிறந்த சான்றாகும். அங்குள்ள சிவலிங்கம் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டது என்பது அறிஞர் பலர் கருத்து. 1973 இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, அது தொடக்கத்தில் திறந்த வெளியில் நின்றது என்பதும், பின்னர் அதனைச் சூழச் செங்கற் கட்டடம் எழுந்தது என்பதும் தெரியவந்தன. பல்லவர், பாணர், சோழர் காலக் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. விக்கிரம சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1126 ஆம் ஆண்டளவில், கோயில் புதிதாக எடுப்பிக்கப்பட்டது. குடியிருந்தவர் மாறவில்லை, வீடு மட்டும் மீண்டும் மீண்டும் மாறியது.

கல்லால் கட்டினாலும் பழுது வரும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். எனவேதான் கோயிலுக்கு விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் நிலம் விட்டதைப் போல, பழுது பார்ப்பதற்கெனவும் தனியே நிலம் விட்டனர். அத்தகைய இறையிலி நிலத்துக்குத் தமிழ்க் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்று பெயர். உடைந்ததையும் வெடித்ததையும் செப்பனிடுவதற்கென்றே அறம் வைப்பது வடமொழிச் செப்பேடுகளிலும் பெருவழக்காகும். கட்டுவோன் தன் பெயரைக் கல்லில் பொறித்ததோடு நில்லாது, தான் மறைந்தபின் விழும் விரிசலையும் எண்ணிப் பார்த்தான். இஃது எளிய செய்தி அன்று. கட்டடக் கலையின் உயர்ந்த பகுதி, அடித்தளத்திலோ சிகரத்திலோ இல்லை. இந்தப் புதுக்குப்புறத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

திருமலையில் இம்முறைமை இன்றும் உயிரோடு விளங்குகின்றது. யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரமோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்குக்கும் முன்னர், ஆண்டுக்கு நான்கு முறை 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' நடைபெறுகின்றது. சுவர்களும் தூண்களும் கூரையும் கழுவப்பட்டு நறுமணக் கலவை பூசப்பெறும். கோயிற் கட்டடத்தையே 'ஆழ்வார்' என்று அழைத்து நீராட்டும் மரபு இது! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அட்டபந்தனம் சாத்திச் சம்ப்ரோட்சணம் செய்வதும் உண்டு. 2018 ஆகஸ்டில் அது நடைபெற்றது. கடல் கடந்தும் இத்தகைய மரபைக் காணலாம். சப்பான் நாட்டின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள மனையில் முற்றிலும் புதிதாகக் கட்டுகின்றனர். 2013 இல் நடந்தது அறுபத்திரண்டாம் முறை. ஒவ்வொரு தலைமுறைத் தச்சனும் முந்திய தலைமுறையின் கைத்திறனைக் கற்றுக்கொள்ள அதனால் வாய்ப்புக் கிடைக்கின்றது.

மனிதர் இல்லங்களுக்குத் திரும்புவோம். ஓலைக்கும் வைக்கோலுக்கும் அடுத்து வந்தன செங்கல்லும் சுண்ணாம்பும். நாயுடுபேட்டைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, கிளிஞ்சல் வளம் மிக்கது. கிளிஞ்சலைச் சூளையிலிட்டு, நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து செய்த சாந்து தென்னாட்டுக் கட்டடங்கள் பலவற்றைத் தாங்கியது. சந்திரகிரியில் விசயநகர மன்னரின் இராசமகால், மரத்தை நாடாமல் கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றாலேயே எழுப்பப்பட்டது. செல்வர் வீடுகளில், மரக் குறுக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்டு அமைக்கும் 'மெட்ராஸ் டெரசு' தளம் பரவியது. 1865 இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின், மங்களூர் ஓடு நடுத்தரக் குடும்பத்தாரின் கூரையாயிற்று.

சுண்ணாம்புக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. நுண்ணிய விரிசல் விழுந்தால், மழைநீரில் சிறிது சுண்ணாம்பு கரைந்து, அவ்விரிசலுக்குள் படிந்து உலர்ந்து, தானே அதனை மூடும். சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். ஆண்டுதோறும் அடிக்கும் வெள்ளை வெறும் அழகுக்காக அன்று. சுவருக்கு மேலும் ஒரு தோல் சேர்க்கும் செயல் அது. உடைந்த ஓட்டை எடுத்து வேறோர் ஓட்டைச் செருகினால் கூரை சரியாகிவிடும். அவ்வீடுகளும் பழுதுபட்டன, ஆனால் சிறு சிறு பழுதாக, சிறு சிறு செலவில், உள்ளூர்க் கொத்தனார் கையால் சீர்ப்பட்டன.

பின்னர்ச் சிமெண்டு வந்தது. 1904 ஆம் ஆண்டிலேயே சென்னையில் சிமெண்டு உற்பத்தி முயலப்பட்டது; 1914 இல் போர்பந்தரில் அது தொழிலாகக் காலூன்றியது. 1939 இல் டால்மியாபுரத்திலும், 1949 இல் திருநெல்வேலி அருகே தாழையூத்திலும் தொடங்கிய ஆலைகள் தமிழகத்து ஊர்களுக்கு அதனைக் கொண்டுவந்து சேர்த்தன. அதனோடு ஒரு வாக்குறுதியும் வந்தது: 'இனிப் பழுதே இல்லை.' கான்கிரீட் தளம் போட்டவர், 'பேரன் காலத்துக்கும் கவலையில்லை' என்று மீசையை முறுக்கினார். பனையோலைக் குடிசையில் தீக்கும் புயலுக்கும் அஞ்சிக் கிடந்த ஏழைக்கு அத்தளம் பெரும் பேறு என்பதை நாம் மறுக்கவில்லை. வாக்குறுதியோடுதான் நமக்கு வழக்கு.

கான்கிரீட்டினுள் இருப்பது இரும்பு. மூடியிருக்கும் காரை தடிப்பாகவும் நெருக்கமாகவும் இருக்கும்வரை இரும்புக்குக் காப்பு உண்டு. மயிரிழை வெடிப்பின் வழியே நீரும் காற்றும், கடற்கரைப் பகுதிகளில் உப்பும், உள்ளே சென்றால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைக்கும். எனவே உள்ளிருந்தே தளத்தைப் பிளக்கும். ஒருநாள் காரை பெயர்ந்து விழும்போதுதான் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கிறார். ஓலை தன் முதுமையை வெளிப்படையாகக் காட்டும். கான்கிரீட் மறைத்து வைக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசி 'உறுதி' செய்தால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். ஆக, பழுது ஒழியவில்லை. ஆண்டுதோறும் வந்த சிறு பழுது, இருபது முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரும் பழுதாக மாறியது. அப்போது கையில் வைக்கோலும் இல்லை, உதவச் சுற்றமும் இல்லை, கடன்பத்திரம்தான் இருக்கிறது.

இக்காலத்து வீடுகளின் மொட்டை மாடியை நோக்குங்கள். தூண்களின் தலையில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மேல்மாடி எழுப்பலாம் என்ற நம்பிக்கையின் அடையாளம் அவை. மாடி எழும்வரை அக்கம்பிகளே துருவுக்கு வாயிலாகவும் அமைகின்றன. முன்னோர் வீட்டைப் புதுக்கினர். நாம் வீட்டைக் கூட்டுகிறோம். இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் வேறு வேறாம். புதுக்குதல் உள்ளதைக் காக்கும். கூட்டுதல் இல்லாததை நாடும். முன்னதற்கு அளவு உண்டு, பின்னதற்கு அளவில்லை. முடிவற்ற வீட்டு வேலை என்று நாம் அலுத்துக்கொள்வதில் பெரும் பகுதி, காப்பதனால் வந்ததன்று, கூட்டுவதனால் வந்தது.

காப்பதை மறந்தால் விளைவது யாது என்பதைத் திருக்காளத்தி காட்டியது. 1516 இல் கிருட்டிணதேவராயர் எழுப்பிய ஏழுநிலை இராசகோபுரம், 2010 மே 26 அன்று இரவு சரிந்து வீழ்ந்தது. முன்னரே விரிசல் பெருகியதைக் கண்டு மக்களை அகற்றியதனால் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய கோபுரம், விரிசல் முற்றியபின் நம் கண்முன் நிற்க இயலவில்லை. அவ்விடத்திலேயே புதிய கோபுரம் எழுந்து, 2017 பிப்ரவரியில் குடமுழுக்குக் கண்டது. ஊர் கூடிக் கண்ணீர் வடித்த கோபுரமே மீண்டும் எழ ஏழாண்டு ஆயிற்றெனில், ஆளில்லாத வீட்டின் கதி என்னவாகும்?

ஈண்டுதான் நம் குடும்பங்களின் நிலையை எண்ண வேண்டியிருக்கிறது. பிழைப்பை நாடி வந்த நம்மில் பலருக்கு இரண்டு வீடுகள். ஒன்று, குடியேறிய ஊரில் வங்கிக் கடனில் கட்டி, ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டிருப்பது. மற்றொன்று, பிறந்த ஊரில் பூட்டிக் கிடப்பது. முன்னதற்குப் புதிய தரைக்கல் பதிக்கப் பொருள் இருக்கிறது. பின்னதில் பெயர்ந்த நான்கு ஓட்டைச் செருக ஆள் இல்லை. பூட்டிய வீட்டின் பழுதுக்குக் காரணம் மழை மட்டும் அன்று. அடுப்பு எரியாமையால் புகை ஏறாத ஓட்டுக் கூரையின் மரத்தில் பூச்சி குடியேறும். நடமாட்டம் இல்லாமையால் கறையான் அஞ்சாது. சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கிள்ளி எறியக் கை இல்லாமையால் அது வேர்விட்டுச் சுவரைப் பிளக்கும். தாய் தந்தையர் திண்ணையில் அமர்ந்திருந்த காலத்தில் ஒரு விரலால் கிள்ளக் கூடியதாய் இருந்த கன்று அது.

ஆதலின் நாம் கூறவிரும்புவது இதுவே. வீட்டு வேலை முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. சமையலும் சலவையும் போல அதுவும் வாழ்வின் அன்றாடக் கடன்களுள் ஒன்று. முடிவில்லாமை நம் குறை அன்று; அதற்கென ஒதுக்காமையே நம் குறை. ஒவ்வொரு குடும்பமும் தன் வருவாயில் ஒரு சிறு பங்கைப் புதுக்குப்புறமாக விடட்டும். அப்பொருளை மேல்மாடிக்கோ, அலங்கார விளக்குக்கோ எடுப்பதில்லை என்ற உறுதி இருக்கட்டும். போகியை ஒட்டி ஒரு நாளை வீட்டுக்கென வைத்துத் தளத்தின் நீர்ப்போக்கையும், சுவரின் விரிசலையும், குழாயின் கசிவையும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கட்டும். பிறந்த ஊரில் வீடு வைத்திருப்போர், அண்ணன் தம்பிமார் கூடி, மழைக்கு முன் ஓடு மாற்றவும், மாதம் ஒருமுறை கதவைத் திறந்து விளக்கேற்றவும் ஒருவருக்குப் பொருள் அனுப்ப ஏற்பாடு செய்யட்டும். அதற்கு இயலாதெனில், அவ்வீட்டில் குடியிருக்க ஒரு குடும்பத்தை அழைத்தலே நன்று. மனிதர் வாழும் வீடு எளிதில் சாய்வதில்லை.

குடிமல்லத்து இறைவர் திறந்த வெளியிலும் இருந்தார், செங்கல்லினுள்ளும் இருந்தார், கருங்கல்லினுள்ளும் இருக்கின்றார். ஒவ்வொரு தலைமுறையும் அவர் இல்லத்தை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துச் சென்றது. நம் இல்லங்களையும் அவ்வாறே, விரிசல் அடைத்து, ஒழுக்கு நீக்கி, நம் மக்கள் கையில் ஒப்படைப்போமாக.