கோட்டை போச்சு, பூநாரை இருக்கு!

கும்மிடிப்பூண்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிப்காட், உருக்காலைப் புகை, வரிசை கட்டி நிற்கும் லாரிகள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில், குளிர்காலம் வந்தால் பூநாரைக் கூட்டமும் வந்து இறங்குகிறது. இடம், பழவேற்காடு.

ஏரி என்கிறோமே தவிர, அது உப்பங்கழி. ஆரணியாறு ஒரு பக்கம் நன்னீர் கொண்டுவரும்; முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும். பெரும்பகுதி ஆந்திராவில். நம் பக்கத்தை 1980-ல் பறவைகள் சரணாலயமாக்கினார்கள்.

பறவைகள் இருக்கட்டும். ஒரு காலத்தில் இந்த ஊருக்குக் கப்பல்கள்தான் வந்தன. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். மெட்ராஸுக்கு ஆங்கிலேயர் இடம் வாங்கியதே 1639-ல்தான்! இங்கிருந்து துணி போனது. வெடிமருந்து போனது. பஞ்சத்தில் அடிபட்ட மனிதர்களும் அடிமைகளாக படாவியாவுக்குப் போனார்கள். 1690-ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. எழுத்து வெட்டிய கல்லறைகள் மட்டும் மிச்சம்.

சரி, யார் தங்கினார்கள்? மீனவர்கள். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் 'பாடு'. எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுத்த சட்டமல்ல, அவர்களே போட்டுக்கொண்டது.

மீனவருக்கும் பூநாரைக்கும் ஒரே முதலீடுதான்: ஆழமில்லாத தண்ணீர். பூநாரை அதில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரைச் சலித்துச் சின்னஞ்சிறு உயிர்களைத் தின்னும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். மணல் மூடிவிட்டால் இறால் வராது. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். ஆக, மொத்தக் கணக்கும் அந்த ஒரு வாசலில் நிற்கிறது.

அதனால்தான் தெற்கே காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது மீனவர்கள் கொதித்தார்கள். கரையை அலை அரித்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்பது அவர்கள் பயம். கருத்துக்கேட்புக் கூட்டம் 2021-ல் தள்ளிப்போனது, 2023-லும் தள்ளிப்போனது.

டச்சுக்காரர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பூநாரைக்குச் சிறகு இருக்கிறது, வேறு ஏரி பார்த்துக்கொள்ளும். பாட்டை நம்பியிருக்கிற மீனவர் பாடு? அதை யாராவது கணக்கில் எழுதியிருக்கிறார்களா, சொல்லுங்கள்!