2184 (எண்)

2184 ஓர் இரட்டைப்படை எண். பகாக் காரணிகள் 2, 3, 7, 13. எண்கோட்பாட்டில் இதற்கு இடம் தேடித் தந்தது 2184 முதல் 2200 வரை வரும் பதினேழு எண்களின் வரிசை. இதில் எந்த எண்ணை எடுத்தாலும், வரிசையிலேயே இருக்கும் வேறோர் எண்ணுக்கும் அதற்கும் 1-ஐவிடப் பெரிய பொதுக்காரணி உண்டு. அடுத்தடுத்த பதினாறு அல்லது அதற்கும் குறைவான எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற எதனோடும் பொதுக்காரணி இல்லாத எண் ஒன்றாவது இருந்தே தீரும். பதினேழில்தான் இது முதலில் பொய்க்கிறது. அப்படிப் பொய்க்கும் மிகச் சிறிய தொடக்கம் 2184, அடுத்தது 27830.

பதினாறு வரை இது உண்மை என்று 1940-இல் நிறுவியவர் எஸ். எஸ். பிள்ளை (சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901–1950). குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர் என்பது ஒரு வழக்கு. நாகர்கோவில் என்பாரும் உண்டு. பள்ளிப் படிப்பு அப்போது திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையில். பெற்றோரை இளமையிலேயே இழந்தவர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவருடைய பெரும்பணிகள் பலவும் அங்கிருந்தபோது செய்தவை.

அவரை இதில் இறக்கியது வேறொரு கேள்வி: அடுத்தடுத்த எண்களின் பெருக்கற்பலன் ஒரு முழு வர்க்கமாகவோ கனமாகவோ வேறு அடுக்காகவோ அமையுமா? வர்க்கமாகாது என்று எர்டிஷும் ரிக்கேயும் 1939-இல் காட்டியிருந்தனர். கூட்டத்தில் ஓர் எண் மற்ற எதனோடும் பொதுக்காரணி இன்றித் தனித்து நின்றால், பெருக்கற்பலன் முழு அடுக்காக இருக்க அந்த எண்ணும் அதே அடுக்காக இருந்தாக வேண்டும். பிள்ளைக்கு இது பெரிய பிடி.

பதினேழு எண்களில் இரண்டின் வித்தியாசம் 16-ஐத் தாண்டாது. ஆகவே பொதுவாக வரக்கூடிய பகா எண்கள் 2, 3, 5, 7, 11, 13 மட்டுமே. 2189-ஐ 2200 பிடிக்கிறது, 11 வழியாக. 2191-ஐயும் 2197-ஐயும் 2184 பிடிக்கிறது, 7, 13 வழியாக. இவ்வரிசையின் அழகு, 2187 மூன்றின் ஏழாம் அடுக்காகவும் 2197 பதின்மூன்றின் கனமாகவும் பத்து எண் இடைவெளியில் நிற்பது. 2190-இன் காரணிகளில் 73 இருப்பது தற்செயலே. ஆனால் எந்த இயல் எண்ணையும் கூட்டலாக எழுத அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகள் போதும் என்று அதே 1940-இல் நிறுவியவரும் பிள்ளைதான்.

17 முதல் 430 வரையிலான எந்த நீளத்துக்கும் இப்படிப்பட்ட வரிசை உண்டு என்று பிள்ளை காட்டினார். 17-க்கு மேல் எல்லா நீளத்துக்கும் உண்டு என்று 1941-இல் பிரௌவர் நிறுவினார். கெய்ரோ அருகே 31 ஆகஸ்ட் 1950-இல் நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழி அது. பெருக்கற்பலன் கேள்வியை எர்டிஷும் செல்ஃப்ரிட்ஜும் 1975-இல் முடித்தனர்.

1981-இல் ஆலன் வுட்ஸ், ஓர் இடைவெளியின் இரு முனைகளோடும் பொதுக்காரணி இல்லாத எண் உள்ளே எப்போதும் இருக்கும் என்று ஊகித்தார். அதைப் பொய்யாக்கியதும் 2184–2200 தான். இப்படி ஊகத்தைப் பொய்யாக்கும் இடைவெளிகளின் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசங்கள் எர்டிஷ்–வுட்ஸ் எண்கள் எனப்படுகின்றன. அவற்றில் முதலாவது 16. அவை முடிவில்லாதவை என்று 1989-இல் நிறுவப்பட்டது. பிள்ளையின் கட்டுரைகள் 2010-இல் தொகுப்பாக வெளிவந்தன.