உப்புவெளிக் கடலும் மேனாட்டுக் கச்சும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு போர்க்கப்பல்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறை, 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாக விளங்கியது. உப்புவெளியிலுள்ள போர்வீரர் மயானம் அக்காலத்தின் சான்றாக இன்றும் நிற்கின்றது. ஆயின், அக்கடற்படையைச் சார்ந்து வாழ்ந்த பெண்களின் உழைப்பு எவராலும் எண்ணப்படுவதில்லை. அதனை அறிதற்கு ஓர் ஆடையின் வரலாறு துணைபுரிகின்றது. கோர்செற் எனப்படும் மேனாட்டு இறுக்குகச்சே அவ்வாடையாகும்.

தமிழிலக்கியம் கூறும் கச்சும் வாரும் உடலிற் கட்டப்படுவன. உடலின் வடிவுக்கு அவை இணங்கும். மேனாட்டுக் கச்சிலோ ஆடையின் வடிவுக்கு உடல் இணங்க வேண்டும். 18 ஆம் நூற்றாண்டுத் தையற்காரர் லினன் துணியை இரண்டாக அடுக்கி, நெருங்கிய இணைகோடுகளாகத் தைத்தனர். கோடுகளுக்கிடையே உண்டான குழல்களில் 'திமிங்கில எலும்பு'க் கீற்றுகளைச் செருகினர். முதுகுப்புறத்தே துளைகளிட்டுக் கயிற்றால் இறுக்கினர்.

திமிங்கில எலும்பு எனும் பெயர் பொருந்தாப் பெயராகும். அது எலும்பன்று, பல்லற்ற திமிங்கிலங்களின் மேற்றாடையிலிருந்து தொங்கி, கடல்நீரிலிருந்து இரையை வடித்தெடுக்கும் தகடு. நகமும் மயிரும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருளாலேயே அதுவும் ஆயது. நீளவாக்கில் மெல்லிய கீற்றாகப் பிளக்கும். வெப்பத்தில் இளகி, வளைத்த வடிவிலேயே ஆறி நிற்கும். உப்புவெளிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலிற் காணப்படும் எண்ணெய்த் திமிங்கிலத்துக்குப் பற்கள் உண்டு, இத்தகடு இல்லை. நீலத்திமிங்கிலத்தின் தகடு ஏறக்குறைய ஒரு மீற்றரே நீளும். ஆர்க்டிக் கடலின் வில்தலைத் திமிங்கிலத்தின் தகடோ நான்கு மீற்றர் வரை வளரும். எனவே கச்சின் பொருட்டு வடகடலினங்களே பெரிதும் அழிந்தன. இலங்கைக் கடலில் எண்ணெய்த் திமிங்கிலம் எண்ணெய்க்காகவே வேட்டையாடப்பட்டது.

19 ஆம் நூற்றாண்டில் உலோகத் துளைவளையமும், தையல் இயந்திரமும், எஃகுக் கீற்றும் இத்தொழிலைப் பெருக்கின. இங்கிலாந்தின் கடற்படைத் துறையான போர்ட்ஸ்மத், கச்சுத் தொழிலின் நிலைக்களங்களுள் ஒன்றாயிற்று. இது தற்செயலன்று. மாலுமிகள் நெடுங்காலம் கடலிலே கழிக்க, அவர்தம் மனைவியரும் விதவையரும் குறைந்த கூலிக்கு ஊசி பிடித்தனர். 1817 இல் பம்பாயிற் கட்டப்பட்டுத் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல், 1819 இல் சென்றடைந்ததும் அத்துறையே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. தொலைகடற் பேரரசுக்கு ஆடவரை அனுப்பிய நகரம், அவரைப் பிரிந்த பெண்டிரின் வறுமையிலிருந்து ஒரு தொழிலை வளர்த்துக்கொண்டது எனலாம்.

இறுக்குகச்சைப் பெண்ணடிமையின் சின்னமெனக் கூறுவோர் உளர். அணிந்தவளின் விருப்பமெனக் கூறுவோரும் உளர். இரு சாராரும் அணிந்தவளையே நோக்கினரன்றித் தைத்தவளை நோக்கினாரல்லர். முதலாம் உலகப் போரின் பின் கச்சு வழக்கொழியத் தொடங்கியது. மார்புக்கச்சையும் மீளுந்தன்மையுள்ள உள்ளாடையும் அதன் இடத்தைப் பெற்றன. ஆயினும் உழைப்பின் தன்மை பெரிதும் மாறவில்லை. 1977 இன் பின் ஏற்பட்ட திறந்த பொருளாதாரத்தில், மேனாட்டுச் சந்தைக்கான உள்ளாடைகள் இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் தைக்கப்படலாயின. அங்கு உழைப்போரிற் பெரும்பாலோர் பெண்களே. போர்ட்ஸ்மத்தின் தையற்கூடங்களை ஆராய்தல் நமக்குப் புறம்பான வரலாறன்று. நம் காலத்துப் பெண்ணுழைப்பை விளங்கிக்கொள்ளவும் அது இன்றியமையாததாகும்.