உருவம் மாறிய மோட்டார் சைக்கிள்: ஒரு பேர்லின் கதை

பழைய மோட்டார் சைக்கிள்களில் பைத்தியமான யேர்மன்காரர் ஒருவரிடம் "ஸ்ட்றிஷ் ஃபுன்ஃப்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். 'கோடு ஐந்து' என்று அர்த்தம். 1969இல் பி.எம்.டபிள்யூ வெளியிட்ட ஆர் 50/5, ஆர் 60/5, ஆர் 75/5 என்ற மூன்று மோட்டார் சைக்கிள்களுக்குச் சனம் வைத்த செல்லப்பெயர் அது. காற்றுத் தடுப்பு இல்லாமல், இயந்திரம் வெளியே தெரிய, வீதியில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட இந்த வகையை ரோட்ஸ்ரர் என்பார்கள்.

எங்கட ஆக்களுக்குப் பி.எம்.டபிள்யூ என்றால் கார்தான். கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இறங்குகிற கார். அந்தக் கொம்பனி காருக்கு முன்பே மோட்டார் சைக்கிள் செய்தது என்பதும், அந்த மோட்டார் சைக்கிள் சாகக் கிடந்து பேர்லினில்தான் திரும்ப எழும்பியது என்பதும் பலருக்குத் தெரியாது. பேர்லின் வழியாக வந்த அகதிகளுக்கு இந்தக் கதை கொஞ்சம் கிட்டத்துச் சொந்தம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் உலகப்போரில் பி.எம்.டபிள்யூ விமான இயந்திரம் செய்தது. போரில் தோற்றபின் வெர்சாய் ஒப்பந்தம் அதைத் தடுத்துவிட்டது. வேலை இல்லாமல் நின்ற கொம்பனிக்கு மக்ஸ் ஃப்றிட்ஸ் என்ற பொறியியலாளர் 1923இல் ஆர் 32 என்ற மோட்டார் சைக்கிளை வடிவமைத்துக் கொடுத்தார். 494 சீசீ, வெறும் 8.5 குதிரைவலு. அதில் இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக, இரண்டு கை விரித்தது போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. அதற்கு முன் இதே கொம்பனியின் இயந்திரத்தை வேறு கொம்பனிகள் ஒரு சிலிண்டர் முன்னுக்கும் மற்றது பின்னுக்குமாகப் பூட்டினார்கள். பின்சிலிண்டருக்குக் காற்றுப் படாமல் சூடேறியது. ஃப்றிட்ஸ் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். இரண்டுக்கும் சமமாகக் காற்றுப் பட்டது. செயினுக்குப் பதிலாக ஒரு தண்டு பின்சில்லைச் சுழற்றியது. செயின் அறுகிறது, எண்ணெய் தெறிக்கிறது என்ற கரைச்சல் இல்லை.

இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டி நிற்கும் சிலிண்டர், செயினுக்குப் பதில் தண்டு. மிச்சக் கதை முழுக்க இவற்றைச் சுற்றித்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கதை இவ்வளவு அழகில்லை. பி.எம்.டபிள்யூ திரும்பவும் விமான இயந்திரம் செய்தது. 1939இல் பேர்லின் ஸ்பாண்டவ் பகுதியில் இருந்த ஒரு விமான இயந்திரத் தொழிற்சாலையையும் வாங்கியது. அந்தக் கொம்பனியின் தொழிற்சாலைகளில் கட்டாயத் தொழிலாளர்களும் வதைமுகாம் கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். பி.எம்.டபிள்யூவின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

போருக்குப் பின் சனத்திடம் காசு இல்லை, கார் இல்லை. மோட்டார் சைக்கிள் நன்றாக விற்றது. 1954இல் சுமார் 30,000 விற்ற கொம்பனி, 1957இல் 5,400 அளவில்தான் விற்றது. மூன்றே வருசத்தில் இந்த வீழ்ச்சி. காரணம் எளிது. யேர்மன்காரர் கையில் காசு புழங்கத் தொடங்க, மழையில் நனையாத சின்னக் கார்களுக்கு மாறிவிட்டார்கள். 1959 டிசம்பரில் பி.எம்.டபிள்யூவையே டைம்லர்-பென்ஸ் விழுங்கப் பார்த்தது. சிறு பங்குதாரர்கள் கூட்டத்தில் எதிர்த்து நின்று தடுத்தார்கள். பிறகு ஹெர்பேர்ட் குவான்ட் என்ற முதலாளி பணம் போட்டுக் காப்பாற்றினார். அறுபதுகளில் கார் விற்கத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் பகுதியை மூடிவிடலாம் என்ற பேச்சும் கூடவே எழுந்தது.

ஏன் மூடவில்லை? பொலிசும் இராணுவமும் வாங்கிக்கொண்டிருந்தன என்பது ஒன்று. மற்றது, அமெரிக்காவில் இளம்பெடியள் மோட்டார் சைக்கிளைப் போக்குவரத்துக்காக இல்லாமல் சந்தோசத்துக்காக வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அப்போது பி.எம்.டபிள்யூ விற்றதோ 1955இல் வடிவமைத்த கனமான கறுப்பு மோட்டார் சைக்கிள். பக்கத்தில் தொட்டில் பூட்டி மனிசி பிள்ளைகளை ஏற்றிப் போகிறதற்குத் தோதாக அதன் முன்பகுதி செய்யப்பட்டிருந்தது. அந்தக் குடும்பங்கள் எல்லாம் ஏற்கெனவே காருக்குப் போய்விட்டன.

இந்த இடத்தில்தான் ஹன்ஸ்-குந்தர் ஃபொன் டெர் மார்விட்ஸ் என்ற பொறியியலாளர் வருகிறார். போர்ஷ கொம்பனியில் இருந்து வந்தவர். அவரும் அவருடைய ஆக்களும் எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று பாருங்கள். பழைய முன்பகுதி போய், அமுங்கி எழும்பும் இரட்டைக் குழாய் வந்தது. தொட்டில் பூட்டுகிற கொக்கிகளே சட்டத்தில் இல்லை. ஆறு வோல்ட் மின்சாரம் பன்னிரண்டு வோல்ட் ஆனது. பொத்தானை அமத்தினால் ஸ்ரார்ட் ஆகும். கறுப்போடு வெள்ளையும் வெள்ளி நிறமும் வந்தன. இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் எல்லாமே புதிது. ஆர் 50/5இல் 32, ஆர் 60/5இல் 40, ஆர் 75/5இல் 50 குதிரைவலு.

எதை வைத்திருந்தார்கள்? நீட்டி நிற்கும் சிலிண்டர், தண்டு. அவ்வளவுதான். தூரத்தில் வரும்போதே இது பி.எம்.டபிள்யூ என்று குழந்தைப்பிள்ளையும் சொல்லும். கிட்டப் போய்ப் பார்த்தால் பழையதில் இருந்து எடுத்த பாகம் ஒன்றிரண்டுகூட இராது.

அதே 1969இல் ஹொண்டா தன் சீபீ 750ஐ இறக்கியது. நான்கு சிலிண்டர், 67 குதிரைவலு, முன்சில்லில் டிஸ்க் பிரேக். இங்கிலாந்துக் கொம்பனிகள் அதில் நசிந்து போயின. எங்கள் அப்பாமார் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் கம்பீரமாக ஓடிய பி.எஸ்.ஏ. கொம்பனி 1973இல் சரிந்தது. பிறகு எங்களுடைய ஊரிலும் ஹொண்டா சீ.டி. 90, எம்.டி. 90 என்று ஆகிவிட்டது. பி.எஸ்.ஏ.காரரிடம் திறமை இல்லாமல் இல்லை. பேர் இருக்கிறது, அது போதும் என்று நினைத்தார்கள்.

இனிப் பேர்லினுக்கு வருவோம். மூனிச் தொழிற்சாலையில் காருக்கே இடம் போதவில்லை. எனவே 1969இல் மோட்டார் சைக்கிள் தயாரிப்பை ஸ்பாண்டவுக்கு மாற்றினார்கள். அன்றைய மேற்கு பேர்லின் என்ன இடம்? நாலு பக்கமும் கிழக்கு யேர்மனி, நடுவில் ஒரு தீவு. 1961இல் மதில் எழும்பியபின் பெரிய கொம்பனிகளும் இளம் ஆக்களும் வெளியேறிக்கொண்டிருந்த நகரம். அங்கே இருந்து வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு அரசு மேலதிகப் படி கொடுத்தது. சனம் அதை 'நடுக்கப் படி' என்று நக்கலடித்தது. ரஷ்யனுக்குப் பயந்து நடுங்குவதற்குக் கூலியாம். ஆட்பற்றாக்குறையை நிரப்பத் துருக்கியில் இருந்தும் யூகோஸ்லாவியாவில் இருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். அந்த நகரத்தில்தான், தரைவழியே எங்கே அனுப்புவதானாலும் கிழக்கு யேர்மனியின் மண்ணைத் தாண்டித்தான் அனுப்பவேண்டும் என்ற நிலையில்தான், ஸ்ட்றிஷ் ஃபுன்ஃப் செய்யப்பட்டது. 1973 வரை சுமார் 69,000 செய்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே தீவுக்கு நாங்களும் வந்து சேர்ந்தோம். கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்றீட்றிஷ் ஸ்ட்றாச நிலையத்தில் ரயில் எடுத்து மேற்குக்கு வந்து அசூல் கேட்ட தமிழர் எத்தனையோ ஆயிரம். நான் 1984இல் அப்படி வந்தவன். (1985, 86இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.) முதல் நாட்களில் பச்சையும் வெள்ளையுமான பொலிஸ் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாலே வயிற்றைக் கலக்கும். ஊரில் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவனைக் கண்டால் ஒழுங்கைக்குள் ஓடிப் பழகிய கால்கள் அல்லவா. இரண்டு பக்கமும் நீட்டிய அந்தச் சிலிண்டர்களை நான் முதலில் கண்டது அப்படித்தான்.

பிறகு குடியிருந்த வீட்டின் கீழ்மாடியில் ஒரு கிழவர் இருந்தார். ஆர் 60/5 வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் அதைக் கழற்றிப் பூட்டுவார். வேலை செய்ய அனுமதி இல்லாத காலம், நான் பக்கத்தில் குந்தி இருந்து சாவிகளை எடுத்துக் கொடுப்பேன். யேர்மன் மொழியில் ஆணி, திருகு, வளையம் எல்லாம் அவரிடம் படித்ததுதான். "ஏன் இந்தச் சிலிண்டரை உள்ளே தள்ளி வைக்கவில்லை?" என்று ஒருநாள் கேட்டேன். "காற்றுப் படவேண்டும், கை வைத்துத் திருத்தவும் சுகம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "மாரிகாலத்தில் காலுக்குச் சூடு" என்றார்.

அவர் அந்தச் சிலிண்டரில் பாரம்பரியம் எதையும் காணவில்லை, பிரயோசனத்தைத்தான் கண்டார். இந்த மோட்டார் சைக்கிளின் சரித்திரத்தில் பிறகு நடந்ததும் அவர் சொன்னதைத்தான் காட்டுகிறது.

1972ஆம் ஆண்டு மாதிரியில் கொம்பனி ஒரு வேலை பார்த்தது. பெரிய பெற்றோல் ராங்கைச் சின்னதாக்கி, இரண்டு பக்கமும் பளபளவென்று குறோம் தகடு ஒட்டியது. சனம் அதற்கு வைத்த பெயர் 'ரோஸ்ரர்'. பாண் வாட்டுகிற மெசின்! வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருசமே தகட்டைக் கழற்றிவிட்டார்கள். கொஞ்சப் பேர்தான் வாங்கினார்கள் என்பதால் இன்று சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடித் திரிகிறார்கள் என்பது வேறு பகிடி.

1973இல் ஹன்ஸ் மூட் என்ற வடிவமைப்பாளர் கைவைத்த ஆர் 90 எஸ் வந்தது. 898 சீசீ, 67 குதிரைவலு, முன்னுக்குச் சின்னக் காற்றுத் தடுப்பு, புகை படிந்தது போல் கறுப்பில் இருந்து வெள்ளிக்குக் கரைகிற நிறம். பார்க்கவே புதிது. ஆனால் சிலிண்டர் அதே இடத்தில். 1976இல் அமெரிக்காவின் முதலாவது சுப்பர்பைக் சம்பியன் பட்டத்தை அதில் ஓடி வென்றவர் ரெஜ் பிறிட்மோர். இலண்டனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்.

1983இல் கொம்பனி இன்னும் பெரிய முடிவுக்கு வந்தது. நான்கு சிலிண்டரைப் படுக்கப்போட்டுத் தண்ணீரில் குளிர்விக்கிற கே 100 வந்தது. பழைய இயந்திரத்தை மெல்ல மெல்ல முடித்துவிடலாம் என்று திட்டம். கே 100 கெட்ட மோட்டார் சைக்கிள் இல்லை, நன்றாக விற்றது. ஆனாலும் சனம் மற்றதை விடவில்லை. நிறுத்திய பெரிய மாதிரிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தது. 1993இல் அதே நீட்டிய சிலிண்டர்களோடு முற்றிலும் புதிய இயந்திரம் செய்தார்கள். 2013இல் ஆர் நைன்ரீ. 2019இல் ஸ்ட்றிஷ் ஃபுன்ஃபின் ஐம்பதாவது ஆண்டுக்கென்று 'ஆர் நைன்ரீ /5'. 2023இல் நூற்றாண்டுக்காக அதையும் மாற்றி ஆர் 12 நைன்ரீ. உள்ளே எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. வெளியே நிற்கிற அந்த இரண்டும் மாறவில்லை.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. 2000ஆம் ஆண்டு வடறைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத் தேர்தலில், இந்தியக் கணினி வல்லுநர்களை எடுக்கவேண்டாம் என்று யூர்கன் ருட்கர்ஸ் பிரசாரம் செய்தபோது 'கின்டர் ஸ்டாற் இண்டர்' என்ற சுலோகம் பரவியது. இந்தியர் வேண்டாம், எங்கள் பிள்ளைகள் போதும் என்று கருத்து. பதின்மூன்று வருசம் கழித்து, 2013இல், பி.எம்.டபிள்யூ தமிழ்நாட்டின் ரீ.வீ.எஸ். கொம்பனியோடு ஒப்பந்தம் செய்தது. 2015இல் ஜி 310 ஆர் என்ற 313 சீசீ ரோட்ஸ்ரர் அறிமுகமானது. வடிவமைப்பு மூனிச், செய்தது ஒசூர். 310 வகையில் ஒரு இலட்சத்துக்கும் மேல் அங்கே செய்திருக்கிறார்கள், யேர்மனிக்கும் வந்து ஓடுகின்றன. யேர்மன் தரம் என்பது யேர்மன் இரத்தத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை ஒசூருக்குப் போய் வரலாம். மூனிச்சில் இருந்து ஸ்பாண்டவுக்கு இடம்பெயர்ந்தபோதும் அந்தத் தரம் கெட்டுவிடவில்லையே.

இப்போது எங்கட பக்கத்துக்கு. புலம்பெயர்ந்து நாற்பது வருசமாகியும் எங்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி எதையும் தொடாதே என்கிறது. சாமத்தியவீடு, சீதனம், சாதி பார்த்துக் கலியாணம், எல்லாம் எங்கட அடையாளமாம். அது பி.எஸ்.ஏ. கட்சி. மற்றது, உள்ளே ஒன்றையும் மாற்றாமல் வெளியே குறோம் ஒட்டுகிற கட்சி. பிள்ளைக்குத் தமிழில் இரண்டு வசனம் வராது, ஆனால் மேடையில் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்து பேசவைத்துக் கிண்ணம் வாங்கிக் கொடுப்பார்கள்.

வேலை செய்கிற பாகத்தைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது என்னுடைய கருத்து. தமிழ் அப்படிப்பட்ட பாகம். அம்மம்மாவோடு ரெலிபோனில் கதைக்க உதவுகிறது, சண்டை பிடிக்கவும் பகிடி விடவும் உதவுகிறது. அதைப் பேச வையுங்கள், காற்றுப் படட்டும். சீதனமும் சாதியும் யாருக்கும் வேலை செய்யவில்லை, பாரம்தான். தொட்டில் பூட்டுகிற கொக்கியை மார்விட்ஸ் வெட்டியெறிந்தது போல அவற்றை வெட்டியெறியலாம். அப்படிச் செய்தால் நாங்கள் தமிழர் இல்லாமல் போய்விடுவோம் என்று பயப்படுகிறவர்கள், அடுத்தமுறை பக்கத்தில் ஒரு பி.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். 1923இல் செய்த ஒரு திருகாணிகூட அதில் இல்லை. ஆனாலும் அது என்ன என்று யாரும் கேட்பதில்லை.