சமூக நம்பிக்கையும் தொழில்துறைத் தானியக்கமும் (சுவீடன்)

சுவீடனில் தொழிலாளர்கள், முதலாளிகள், அரசு ஆகிய மூன்று தரப்புக்கும் இடையே நிலவும் நம்பிக்கை, ஆலைகள் தானியங்கு இயந்திரங்களில் முதலீடு செய்யத் துணைநின்ற காரணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி: 1938 டிசம்பரில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் சால்ட்ஷேபாடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மரபு இதனால் வலுப்பட்டது.

செயல்படும் விதம்: 1951-இல் பொருளியலாளர்கள் யோஸ்டா ரேன், ருடால்ஃப் மெய்ட்னர் ஆகியோரின் திட்டம் தொழிற்சங்க மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. அதன் அடிப்படை, ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது. ஊதியத்தைக் குறைத்துப் பிழைக்க வழியற்ற ஆலைகள் உற்பத்தித்திறனை உயர்த்த வேண்டியதாயிற்று. வேலையிழந்தோருக்கு அரசு மறுபயிற்சியும் இடம்பெயர உதவியும் அளித்தது. வேலை போனாலும் வாழ்வு போகாது என்ற உறுதி இருந்ததால், சங்கங்கள் புதிய இயந்திரங்களைப் பெரிதாக எதிர்க்கவில்லை. முக்கிய மாற்றங்களுக்கு முன் நிர்வாகம் சங்கத்துடன் பேச வேண்டும் என்பதை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.

எடுத்துக்காட்டு: நுண்செயலியால் இயங்கிய ‘ஐஆர்பி 6’ ரோபோவை ஆசெயா நிறுவனம் 1974-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை முதலில் வாங்கியது தென் சுவீடனின் யேனார்ப் ஊரிலிருந்த ஒரு சிறு குடும்ப ஆலை. அங்கே அது துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை மெருகேற்றியது.

வரம்பு: நம்பிக்கை மட்டுமே காரணமன்று; உயர்ந்த ஊதியம், ஏற்றுமதிப் போட்டி ஆகியவையும் முதலீட்டைத் தூண்டின.